மருந்துக்கு உறை ஊற்றியவள்

ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக, கருவிகளின் சுத்தம் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். கேட்டவுடன் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்த பிறகுதான் என் யோக்கியதை ஞாபகத்துக்கு வந்தது. ஜவ்வாது மலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, வார்டில் இருந்த தெர்மாமீட்டர்களை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வெடிக்க வைத்தவள் நான். ஒருவர் வாயில் வைத்ததை இன்னொருவர் வாயில் வைக்கிறோமே என்ற நல்ல எண்ணம்தான் காரணம். பாத்திரத்தின் அடியில் பாதரசம் உருண்டு விளையாடுவதை டாக்டர் எட்டிப் பார்த்தார். "சிஸ்டர், இனிமே ஜுரம் வந்தா நெத்தியில கைய வச்சுப் பாத்துக்குவோம், என்ன?" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதோடு நான் அடங்கியிருக்க வேண்டும். மாறாக, கொதிக்க வைக்கக்கூடிய எதையும் விட்டுவைப்பதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

நீங்கள் இப்போது கவரைக் கிழித்து ஊசியை எடுக்கிறீர்கள், போட்டுவிட்டுத் தூக்கி எறிகிறீர்கள். எழுபதுகளின் கடைசியில், மலை மேல் இருந்த எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் தூக்கி எறிகிற பொருள் என்று ஒன்று கிடையாது. ஊசி, சிரிஞ்சு, கத்தரி, இடுக்கி, கையுறை, கிண்ணம் எல்லாமே எல்லோருக்கும் பொது. காலையில் ஒருவருடைய சீழைத் துடைத்த இடுக்கி, கொதித்து ஆறி, மாலையில் இன்னொருவருடைய புண்ணைத் தொடும். நடுவில் நிற்பது ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் நானும்தான். நான் அதைப் பெரிய பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். மலை ஜனங்கள் எனக்கு 'வேவ வைக்கிற நர்சம்மா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரில் எனக்கு உள்ளூரக் கர்வம்.

கொதிக்க வைப்பதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கொதித்த கருவிகளைத் துடைத்து, கிருமிநாசினி ஊற்றிய கண்ணாடி ஜாடியில் ஊறப் போடுவேன். மஞ்சள் நிறத் தண்ணீரில் கத்தரியும் இடுக்கியும் பளபளவென்று நிற்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு திருப்தி. புண்ணைக் கழுவுவதும் அதே மருந்தால்தான். கெட்டியாக வருகிற மருந்தில் தண்ணீர் கலந்து ஒரு பெரிய பழுப்புப் பாட்டிலில் வைத்திருப்பேன். அதிலிருந்துதான் ஜாடிக்கும், கிண்ணத்துக்கும், எல்லாவற்றுக்கும்.

மருந்து போளூரிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். மழைக் காலத்தில் மலைப் பாதையில் பாறை உருண்டால் பஸ் வராது, பஸ் வராவிட்டால் மருந்தும் வராது. அதனால் சிக்கனம். நான் ஒடுகத்தூர்க்காரி. எங்கள் வீட்டில் எண்ணெய்ச் செம்பைக்கூடக் கவிழ்த்து வைத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் வாங்குவோம். அப்படி வளர்ந்தவள் கிருமிநாசினியைக் கீழே கொட்டுவேனா? பாட்டில் பாதியானால் மேலே புதிதாகக் கலந்து ஊற்றுவேன். ஜாடி வற்றினால் பாட்டிலிலிருந்து ஊற்றுவேன். எதுவும் ஒருபோதும் காலியானதில்லை. பாட்டிலின் கண்ணாடி மூடியை நானே ஒருநாள் போட்டு உடைத்துவிட்டதால், தேன் புட்டியின் தக்கை ஒன்றைச் செதுக்கி, அதில் துணி சுற்றி, இறுக்கமாக அடைத்து வைத்திருந்தேன். அந்தத் தக்கை வேலையைப் பார்த்து டாக்டர்கூட மெச்சினார்.

சடையாண்டி வந்தது சாமை அறுவடைக் காலத்தில். விடிந்தும் விடியாததுமாகக் கொல்லைக்கு, அதாவது மலைச்சரிவில் இருந்த தன் சாமைக் காட்டுக்கு, போனவரை, குட்டிகளோடு வந்த கரடி ஒன்று மடக்கிவிட்டது. ஊர்க்காரர்கள் போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்துத் தூக்கி வந்தார்கள். இடது காலில் கெண்டைச் சதை கிழிந்து தொங்கியது. எலும்பு தப்பித்திருந்தது. டாக்டர் பொறுமையாகச் சுத்தம் செய்து, புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டுக் கட்டுப் போட்டார். "நல்லா கவனிச்சா கால் நிக்கும்," என்று சொல்லி என் பக்கம் பார்த்தார். கவனிப்பு என்றால் நான்தானே!

சடையாண்டிக்கு முப்பது வயது இருக்கும். வலியைவிடக் கவலைதான் அவரை அதிகமாகப் பிடுங்கியது. "எங்க கொல்லை செங்குத்தா கீதுங்க. ரெண்டு காலு இருக்கறவனே வழுக்கி வுழுவான். ஒத்தக் கால வச்சுகினு நான் இன்னா பண்ணுவேன்?" என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் கேட்டார். அவர் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே இருந்தாள். அதிகம் பேசாத பெண். நான் என்ன சொன்னாலும் "சரிங்க" என்பாள்.

நான் முதலிலேயே அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "தழை கிழைன்னு எதுனா தடவினீங்க, அவ்ளோதான். என் கட்டு மேல உங்க கை படக் கூடாது."

"சரிங்க நர்சம்மா."

தினமும் இரண்டு வேளை நானே கட்டு மாற்றினேன். வேறு யார் கையிலும் விடவில்லை. கொதித்த இடுக்கி, ஊறிய கத்தரி, தாராளமாக மஞ்சள் மருந்து. சில நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு காலை கட்டைப் பிரித்தேன். துணி பச்சையாக இருந்தது. இலையைக் கசக்கிப் பிழிந்தாற்போல நீலமும் பச்சையுமான கறை. கூடவே பழுத்து அழுகிய பழம் மாதிரி ஒரு தித்திப்பு நாற்றம்.

உங்களுக்கு இதைப் படித்ததுமே அது என்ன கிருமி என்று தெரிந்திருக்கும். நானும் படித்தவள்தான். சீழின் நிறங்களைப் பற்றிப் பரீட்சையில் எழுதித் தேறியவள்தான். ஆனால் நான் இருந்தது மலையில். சுற்றிலும் பச்சிலை வைத்தியம். பச்சை நிறத்தைப் பார்த்ததும் என் புத்தி புத்தகத்துக்குப் போகவில்லை, நேராகச் சடையாண்டியின் மனைவியிடம் போயிற்று.

"இன்னாம்மா தடவின?"

"ஒண்ணியும் தடவலீங்க நர்சம்மா."

"பொய் சொல்லாத. பச்சையா வழியுது, என் கண்ணு அவிஞ்சா போச்சு? இன்னா தழை அது?"

"சத்தியமா போடலீங்க. போடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

மருந்துப் பாட்டிலைப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, அவள் மூட்டையை இழுத்து, வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவிழ்த்துத் தலைகீழாகக் கொட்டினேன். ஒரு சேலை, ஒரு சீப்பு, கொஞ்சம் புளி, சாமை அரிசி. தழை எதுவும் இல்லை. அரிசி மட்டும் தரையெல்லாம் சிதறியது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து, கட்டிலுக்கடியிலும் சுவர் ஓரத்திலும் போன அரிசியைப் பொறுக்கிப் பொறுக்கி முந்தானையில் போட்டாள். நான் விறைப்பாக நின்றேன். தழையை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி, என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அடுத்து, பக்கத்துக் கட்டிலில் குடல்வால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவருக்குத் தையல் பச்சையாயிற்று. அதற்கடுத்த கட்டிலில் தீப்புண்ணோடு இருந்த பெண்ணுக்கும் அதே நாற்றம். இவர்கள் எல்லோருக்கும் சடையாண்டியின் மனைவி தழை தடவியிருக்க முடியாது என்று எனக்கே தெரிந்தது. உடனே குற்றவாளியை மாற்றினேன். பார்க்க வருகிறவர்கள்தான் காரணம் என்று வாசலை அடைத்தேன். ஈதான் என்று சாம்பிராணி போட்டேன். ஆயாம்மா தரையைச் சரியாகத் துடைக்கவில்லை என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். ஜன்னல் திரையைக் கழற்றிக் கொதிக்க வைத்தேன். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பை நான் ஒரு மாதிரியாகப் பார்த்ததைக் கண்டு, அவர் அதைக் கழுத்திலிருந்து கழற்றுவதையே விட்டுவிட்டார்.

எதைச் சுத்தம் செய்தாலும் கடைசியில் அந்த மஞ்சள் மருந்தால் ஒரு முறை துடைத்து முடிப்பேன். அப்போதுதான் எனக்கு மனம் ஆறும்.

டாக்டர் ஒருநாள் நேராகவே கேட்டார். "சிஸ்டர், கருவியெல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாம் கொதிக்க வச்சு, மருந்துல ஊறப் போட்டுத்தான் சார் எடுக்கறேன்," என்றேன். குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. அவர் நம்பினார். நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் கொடுமை.

இந்த நேரத்தில் குப்பம்மா வந்து சேர்ந்தாள். கதிர் அறுக்கும்போது அரிவாள் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. தையல் போட்ட கைக்கு நான் மருந்து வைக்கப் போனதும் வார்டே அதிர்கிற மாதிரி ஒரு கத்தல். "எரியுது! எரியுது! இந்த நாத்தம் புடிச்ச தண்ணிய எம் மேல ஊத்தாத!" அதோடு விடவில்லை. கால் நீட்டித் தட்டை உதைத்தாள். கிண்ணம் உருண்டு என் புடவையெல்லாம் மஞ்சள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஓகோ, மருந்து வாணாமா? சரி, உனக்கு உப்புத் தண்ணிதான்," என்றேன். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பைப் போட்டு, கெண்டியிலிருந்து நேராகக் கையில் ஊற்றினேன். ஜாடியிலிருந்து இடுக்கி எடுக்கக்கூட மனம் வரவில்லை, இவளுக்கு இந்த மரியாதை போதும் என்று. வேக வைத்த துணியைக் கையுறைக் கையாலேயே எடுத்து, ஒரு கட்டு. தினமும் அதே தண்டனை. அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சடையாண்டிக்கு ஜுரம் ஏறிக்கொண்டே போயிற்று. கால் வீங்கி, புண்ணின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. டாக்டர் ஊசி போட்டார், செத்த சதையை வெட்டினார், மறுபடி ஊசி போட்டார். ஒருநாள் காலை ரவுண்டில் கட்டைப் பிரித்து, கறுத்த ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு சடையாண்டியிடம் சொன்னார்.

"மத்தியான பஸ்ல வேலூருக்கு அனுப்பறேன். இங்க வச்சிருந்தா உசுருக்கே ஆபத்து."

"அங்க போனா கால எடுத்துடுவாங்களா சாமி?"

"எடுக்க வேண்டி வரலாம்."

சடையாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதுக்கு அந்தக் கரடியே தின்னுட்டுப் போயிருக்கலாம்," என்றார். அவர் மனைவி மூட்டையைக் கட்ட ஆரம்பித்தாள்.

பஸ்ஸுக்கு அனுப்புமுன் மற்றவர்களின் கட்டுகளை மாற்றிவிடலாம் என்று போனேன். குப்பம்மாவின் கட்டைப் பிரித்தேன். உள்ளே புண் சிவப்பாக, சுத்தமாக, ஓரம் கூடி ஆறிக்கொண்டிருந்தது. பச்சை இல்லை, நாற்றம் இல்லை. கறை படாத துணி கையோடு வந்தது.

நான் அவள் கையைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். "இன்னா, அப்டியே நின்னுட்ட?" என்றாள் குப்பம்மா. எனக்குக் காதில் விழவில்லை. அதே வார்டு, அதே ஈ, அதே தரை, அதே ஆயாம்மா. மற்றவர்களுக்கெல்லாம் நான் பார்த்துப் பார்த்துச் செய்தேன், எல்லோருக்கும் அழுகுகிறது. இவளைக் கோபத்தில் அலட்சியப்படுத்தினேன், இவளுக்கு ஆறுகிறது. மற்றவர்களுக்குச் செய்து இவளுக்குச் செய்யாதது ஒன்றே ஒன்றுதான்.

பாட்டிலிடம் போய்த் தக்கையைப் பிடுங்கினேன். என் பெருமைக்குரிய தக்கை. அதன் அடியில் கற்றாழைச் சோறு மாதிரி வழுவழுவென்று ஒரு படலம். விரலில் ஒட்டி இழைவிட்டது. முகர்ந்தேன். மருந்து வாசனைக்குக் கீழே, மெல்லியதாக, அதே பழ நாற்றம்.

எங்கள் அம்மா தினமும் தயிர்ச் சட்டியில் கொஞ்சம் மீதி வைத்து, அதன் மேல் பால் ஊற்றுவார். சட்டி ஒருநாளும் காலியாவதில்லை, தயிரும் ஒருநாளும் தப்பியதில்லை. நானும் மாதக் கணக்காக அதையேதான் செய்திருந்தேன். தண்ணீர் கலந்த மருந்தில் பிழைத்துக்கொள்ளத் தெரிந்த கிருமி ஒன்று எப்போதோ உள்ளே போயிருக்கிறது. தக்கைக்குள் குடியிருந்திருக்கிறது. நான் மிச்சத்தின் மேல் ஊற்றி ஊற்றி அதற்கு உறை போட்டு வளர்த்திருக்கிறேன். ஸ்டவ்வில் சுத்தமான கருவிகளை எடுத்து, அதில் முக்கி அழுக்காக்கி, சடையாண்டியின் காலில் வைத்திருக்கிறேன். டாக்டர் ஊசியால் விரட்டியதை நான் வேளை தவறாமல் திரும்ப அழைத்து வந்திருக்கிறேன். கிருமிநாசினியில் கிருமி இருக்கும் என்று என் மண்டையில் ஏறவே இல்லை. சோப்பை யார் கழுவுவார்கள்?

இனி நான் சொல்லப் போவதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

பாட்டில் கையில் இருக்கிறது. பஸ்ஸுக்குக் கொஞ்ச நேரம்தான் மிச்சம். என் மனசு முதலில் சொன்ன யோசனை இது: பேசாமல் இரு. சடையாண்டி பஸ் ஏறிப் போகட்டும். அதற்குப் பிறகு பாட்டிலைச் சத்தமில்லாமல் கொட்டிக் கழுவிவிடு. வார்டு சரியாகிவிடும், 'வேவ வைக்கிற நர்சம்மா'வின் பெயரும் நிற்கும். மிக நியாயமான யோசனையாகவே பட்டது.

அடுத்த யோசனை அதற்கு நேர் எதிர். ஓடிப் போய், "சார், அனுப்பாதீங்க, காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டேன், நானே கால சரி பண்ணிக் காட்டறேன்," என்று சொல்ல வேண்டும் என்ற துடிப்பு. இது முதலாவதைவிட ஆபத்தானது, ஏனென்றால் இது பார்ப்பதற்கு நல்ல எண்ணம் மாதிரியே இருக்கும். என் கணக்கு தப்பாக இருந்தால், விஷம் இரத்தத்தில் ஏறி அந்த மனிதர் மலை மேலேயே செத்துப் போவார். இரண்டு யோசனையிலும் முன்னால் நின்றது நான்தான், அவர் காலும் அல்ல, உயிரும் அல்ல. அது புரிந்ததும் பாட்டிலையும் தக்கையையும் அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"சார், இந்தத் தக்கையத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். முகர்ந்தார். முகம் மாறிற்று.

"எத்தனை நாளா சிஸ்டர் இது?"

"தெரியல சார். நான் இத்த ஒரு நாளும் காலி பண்ணதே இல்ல. மேல மேல ஊத்திகினே இருந்தேன். குப்பம்மாவுக்கு மட்டும் இத்த போடல, அவ கை ஆறிடுச்சு. ஆளை அனுப்பறதா வேணாமான்னு நீங்க சொல்லுங்க, அது எனக்குத் தெரியாது. ஆனா அனுப்பினாலும் இந்தத் தண்ணியில நனைச்ச கட்டோட அனுப்பாதீங்க."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் தினமும் இதுல கை கழுவிட்டுத்தான் ஆபரேஷன் பண்றேன்," என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்தார். "ஒரு சின்ன சீசாவக் கொதிக்க வச்சு, அதுல கொஞ்சம் எடுத்து மூடி வைங்க, டெஸ்ட்டுக்கு அனுப்புவோம். ரிசல்ட் வர வரைக்கும் காத்திருக்க வேணாம். மீதிய இப்பவே கொட்டுங்க. கொட்டிட்டா நம்மகிட்ட என்ன இருக்கு?"

"அடுப்பு இருக்கு, தண்ணி இருக்கு, உப்பு இருக்கு சார்."

"போதும். புதுசா கலக்கினா அன்னிக்கன்னிக்குக் கலக்குவோம்." கடிகாரத்தைப் பார்த்தார். "புண்ண நான் இன்னொரு தடவை சுத்தம் பண்றேன். கொதிச்ச கருவி, நேரா ஸ்டவ்ல இருந்து. இன்னிக்கு பஸ் போகட்டும், நாளைக்கும் பஸ் இருக்கு. நாளைக் காலையில ஜுரம் இறங்கலன்னா, காலு கீலுன்னு யார் அழுதாலும் ஏத்தி அனுப்பிடுவேன். புரியுதா?"

புரிந்தது. அவர் என்னை நம்பியும் முடிவு செய்யவில்லை, கோபித்தும் முடிவு செய்யவில்லை. ஒரு பஸ்ஸுக்கு மட்டும் முடிவைத் தள்ளி வைத்தார். அதன் பிறகு எத்தனையோ டாக்டர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். தெரியாத விஷயத்தில் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக முடிவெடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

பின்பக்கம் குழி வெட்டி மருந்தைக் கொட்டப் போனேன். ஆயாம்மா பதறி ஓடி வந்தாள். "ஐயோ, கொட்டாதீங்கம்மா! தரை தொடைக்கவாவது ஆவும்!" இரண்டு நாளுக்கு முன்னால் என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவள் கையைத் தட்டிவிட்டுக் கொட்டினேன். ஜாடியும் கருவிகளும் பாட்டிலும் கொதித்தன. தக்கையை அடுப்பில் போட்டேன்.

மறுநாள் விடிந்ததும் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு சடையாண்டியின் கட்டிலுக்குத்தான் முதலில் போனேன். ஜுரம் இறங்கியிருந்தது, கொஞ்சம்தான். டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு பஸ் பாப்போம்," என்றார். அப்படியே இன்னொரு பஸ், இன்னொரு பஸ் என்று போயிற்று. துணியில் பச்சை வெளுத்தது, நாற்றம் போயிற்று. பக்கத்துக் கட்டில்காரர்கள் இருவருக்கும் அப்படியே. ஒருநாள் புண்ணின் அடியில் மாதுளை முத்து மாதிரி புதுச் சதை சிவந்து எழும்பியிருப்பதைப் பார்த்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் ஸ்டவ் அறைக்குப் போய் அழுதேன். டெஸ்ட் முடிவு வந்தபோது கால் ஏற்கெனவே தேறிவிட்டது. சீழில் இருந்த கிருமியும் பாட்டிலில் இருந்த கிருமியும் ஒன்றுதான்.

சடையாண்டி கொம்பு ஊன்றி வீட்டுக்குப் போனார். போகும்போது அவர் மனைவியிடம் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பிரசவ கேஸ் ஒன்று வந்திருந்தது, வேலை இருந்தது, சொல்லவில்லை. வேலை எப்போதும் இருக்கும், இந்த மாதிரி சமயங்களில் அது ரொம்ப வசதி.

புளி உலுக்கும் பருவத்தில் இருவரும் மறுபடி வந்தார்கள். சடையாண்டி கொம்பில்லாமல், லேசாகச் சாய்ந்து நடந்து வந்தார். கொல்லைக்குப் போகிறாராம், ஏறுகிறாராம், இறங்குகிறாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் எனக்காக ஓலைக் கூடையில் புளி கொண்டு வந்திருந்தாள்.

"நர்சம்மா, எனக்கு ஒரு சீசா அந்த மருந்து வேணுங்க," என்றார் சடையாண்டி.

"எந்த மருந்து?"

"அதாங்க, மொதல்ல போட்டீங்களே, மஞ்சத் தண்ணி. அத்தாலதான எங்காலு நின்னுச்சு? வூட்டுல வச்சிருந்தா ஒரு வெட்டுக் காயத்துக்கு ஆவும். அப்பால நீங்க வெறும் உப்புத் தண்ணிய ஊத்தறப்ப, சரி, கைய வுட்டுட்டாங்கன்னு நானும் இவளும் அளுதுகினு இருந்தோம்."

பாராட்டை வாங்கிக்கொண்டு சிரித்தபடி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் அந்த மனிதர் எங்கிருந்தாவது ஒரு சீசா வாங்கி, தண்ணீர் கலந்து, தக்கை போட்டு மூடி, வருஷக் கணக்காக வைத்திருப்பார். அதனால் சொன்னேன். "சடையாண்டி, அந்தத் தண்ணிதான் உங்க காலக் கெடுத்தது. அதுல கிருமி இருந்துச்சு. நான் பாக்காம உட்டுட்டேன். உப்புத் தண்ணி ஊத்தினப்புறம்தான் ஆறிச்சு."

அவர் குனிந்து தன் காலைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "அந்தக் கரடி ஒரு வாட்டிதாங்க கடிச்சுது. நீங்க தெனம் ரெண்டு வேளை கடிச்சீங்களா?" வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். இந்தத் தண்டனையோடு தீர்ந்தது என்று எனக்கு நிம்மதிகூட.

அவர் மனைவி சிரிக்கவில்லை. எப்போதும் "சரிங்க" என்று மட்டும் சொல்கிறவள், கோபமில்லாத குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு எல்லாரும் பாக்க எம் மூட்டைய அவுத்துக் கொட்டினீங்களே நர்சம்மா. பக்கத்துலயே உங்க பாட்டிலு நின்னுகினு இருந்துச்சு."

"தப்புதாம்மா. என்னை மன்னிச்சுக்க," என்றேன்.

"சரிங்க," என்றாள். புளிக்கூடையை என் கையில் கொடுத்துவிட்டுப் புருஷன் பின்னால் போனாள்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, எந்த ஆஸ்பத்திரியில் இருந்தாலும், காலையில் முதல் வேலை பாட்டிலையும் ஜாடியையும் கொட்டுவதுதான். பாதிக்கு மேல் மீதி இருக்கும். நல்ல மருந்தாகத்தான் தெரியும். கை கொஞ்சம் தயங்கும், ஒடுகத்தூர்க் கை அல்லவா! அப்போதெல்லாம் ஒரு பெண் வாய் பேசாமல் குனிந்து, கட்டிலுக்கடியில் சிதறிய சாமை அரிசியைப் பொறுக்குவது கண்ணில் வரும். கொட்டிவிடுவேன்.